கண் பட்டால் அசையும்

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று முதலில் சொன்ன ஆள் யாரோ, அவர் எங்கள் ஐஸ் பாக்டரிச் சந்தைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வந்திருக்கமாட்டார். வந்திருந்தால், கண் படாத பொருளை எவன் வாங்குவான் என்று அவரே கேட்டிருப்பார்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற வழியில், ஐஸ் உடைக்கிற சத்தம் நின்றுபோய்ப் பல வருசமாகியும் சுவரில் கை வைத்தால் இன்னும் ஜில்லென்று இருக்கிற அந்தக் கட்டடத்தை, இடிக்கவும் மனசில்லாமல் விற்கவும் மனசில்லாமல், தன் கையால் எதையாவது செய்து விற்கிறவர்கள் யாராக இருந்தாலும் ஞாயிறுதோறும் வந்து மேசை போட்டுக்கொள்ளலாம் என்று அதன் சொந்தக்காரர் அருள்ராயன் அண்ணாச்சி திறந்துவிட்டார். மெஷின் தொட்ட பொருள் உள்ளே வரக்கூடாது, அது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை. நசீமா களிமண்ணில் நகத்தளவு பரோட்டா சுட்டு, அதை ஜிமிக்கியாக்கிக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். பரமசிவம் காகிதக்கூழில் முகமூடி செய்தார், அதுவும் மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொண்ட மாமனார்களின் முகங்களை மட்டும். பிலோமி கம்பளி நூலும் குரோஷா ஊசியும் கொண்டு கடல் ஜீவன்களைப் பின்னினாள். கண்ணாடி போட்ட சாளை, குடை பிடித்த இறால், கழுத்தே இல்லாமல் மப்ளர் சுற்றிய திருக்கை. அவளுக்கு எதிர்மேசை சந்தனமாரி. சந்தனமாரி என்றால் நான்.

நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள். தலையில் பிளாஸ்டிக் வாளிகளை அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்று, பேரம் பேசிப் பேசியே வாய் வளர்த்தவள். கடற்கரையில் ஒதுங்குகிற ஒற்றைச் செருப்புகளைப் பொறுக்கி, கழுவி, வெட்டி, ஒட்டி நான் செய்கிற நண்டும் நாயும் கோழியும் எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் சோடை போகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வருகிறவர்கள் ரசித்துப் பார்ப்பார்கள், கையில் எடுப்பார்கள், எதில் செய்தது என்று கேட்பார்கள், செருப்பு என்றதும் சுட்டதுபோலக் கீழே வைப்பார்கள்.

"செருப்பையா நடுவீட்டுல வைக்கச் சொல்லுதீய?"

"ஏன், நடுவீட்டுல உக்காந்திருக்க உம்ம மச்சானைவிடவா இது நாறும்?" என்று கேட்பேன். சண்டையாகும். வியாபாரம் ஆகாது. அவர்கள் அப்படியே திரும்பி எதிர்மேசைக்குப் போய், "ஐயோ, எவ்வளவு அழகு" என்று பிலோமியின் இறாலைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொள்வார்கள். நான் இங்கே பசை டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருப்பேன், அது ஏற்கெனவே மூடித்தான் இருக்கும்.

பொறாமையா என்று கேட்டால் பொறாமைதான். சும்மா வந்துபோகிற பொறாமை இல்லை. மற்றவர்களுக்கு அது கடையில் வாங்கினதுபோல வரும், போகும். என்னுடையது என் கையால் நானே திரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்ட சரக்கு. அதைவிட மோசம், பிலோமிக்குப் பொறாமையே கிடையாது. சந்தை முடிகிற நேரம் என் மேசைக்கு வந்து, "யக்கா, உங்க நண்டு ரொம்ப லட்சணமா இருக்கு" என்று குழந்தைக்குச் சோறூட்டுகிற குரலில் சொல்லிவிட்டுப் போவாள். அவள் சொன்னபிறகு அந்த நண்டு முன்பைவிடச் செத்தமாதிரி தெரியும்.

அப்போதெல்லாம் எல்லா மேசையிலும் திருஷ்டி கழிக்க எலுமிச்சையும் பச்சைமிளகாயும் தொங்கும். அது போதாதென்று ஒவ்வொரு பொருளிலும் ஒரு கரும்புள்ளி. பிலோமி ஒவ்வொரு மீனின் வயிற்றுக்குக் கீழும் ஒரு கறுப்புத் தையல் போடுவாள், பரமசிவம் மாமனாரின் தாடையில் மச்சம் வைப்பார், நசீமா பரோட்டாவில் ஓர் இடத்தைக் கருக விடுவாள். நான் எதுவும் வைப்பதில்லை. லாரிக்குப் பின்னால் திருஷ்டிக்கென்று எதைக் கட்டுகிறார்கள்? செருப்பைத்தான். கண்ணை விரட்டவே கட்டுகிற பொருளுக்குக் கண்ணுபடப் போகிறதாக்கும்.

பிலோமி பேய்க்கணவாய் பின்னிக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. ஊதா நிறப் பேய்க்கணவாய், தலையில் டீக்கடைக்காரர் கட்டுகிற துண்டு, எட்டுக் கையிலும் எட்டு நூல் டம்ளர், டம்ளருக்குள் பழுப்பு நூலில் டீ. ஒரு கை மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் உயரமாக, ஆற்றுவதற்குத் தூக்கினதுபோல இருந்தது. அந்தத் தூக்கலை நான் யோசித்திருக்கவேண்டும், என் ஜென்மத்துக்கும் நான் யோசித்திருக்கமாட்டேன், இவள் மட்டும் எப்படி யோசித்தாள் என்று வயிறு எரிய எரிய நான் பார்த்துக்கொண்டே இருக்க, கம்பளி நூல் டீயிலிருந்து ஆவி வந்தது.

கொஞ்சமாகத்தான் வந்தது, நல்ல டீயில் வருகிற அளவு. இஞ்சி வாசமும் இருந்தது.

பழைய குழாயில் அமோனியா கசிகிறது என்று அருள்ராயன் அண்ணாச்சி ஆள் கூப்பிட்டார். வந்தவர் குழாயெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, பேய்க்கணவாயையும் மோந்து பார்த்துவிட்டு, "கசிவு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, சீனிதான் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிப் போனார். அன்றைக்கே அது விற்றுப்போனது. வாங்கின வாத்தியார் வீட்டில் இன்றைக்கும் நாலு மணியானால் ஆவி வருகிறதாம், விருந்தாளி வந்தால் டீ போடுகிற வேலை மிச்சம் என்று வாத்தியார் வீட்டம்மா பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள். வருகிறவர்களும் மோந்துவிட்டுத் திருப்தியாகத்தான் போகிறார்கள்.

அடுத்த வாரம் நசீமாவின் காதைப் பார்த்தேன். தட்டிப் போட்ட பரோட்டாவைப்போல அத்தனை அடுக்கு, நகத்தளவுக்குள். எனக்குச் சுருக்கென்றது, பரோட்டா பூவாய் விரிந்து வாசம் எழுந்தது, சந்தைக்கு வந்த பாதிப்பேர் பசித்துக் கிளம்பிவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு மாமனார் முகமூடியின் மீசை துடித்தது. அப்போதுதான் விசயம் சந்தைக்குப் பிடிபட்டது. அது கையால் செய்த பொருளாக இருக்கவேண்டும், பார்க்கிறவருக்கு உண்மையிலேயே வயிறு எரியவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஒருவன் புது பைக்கைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினான், எனக்குப் பொறாமை வரத்தான் செய்தது, பைக் அசையவில்லை. பட்டுக்கடையில் எடுத்த கல்யாணப் புடவையை ஒரு குடும்பமே தூக்கிக்கொண்டு வந்தது, புடவை புடவையாகவே கிடந்தது. மணப்பெண் தானே பின்னிய கைக்குட்டை ஒன்று புடவை மடிப்புக்குள் இருந்தது, அது மட்டும் எழுந்து தன்னை மடித்துக்கொண்டது.

ஊர் இதை ஏற்றுக்கொண்ட வேகத்தை நினைத்தால்தான் எனக்கு ஆச்சரியம். பிலோமி கறுப்புத் தையல்களைப் பிரித்தாள், பரமசிவம் மச்சங்களைச் சுரண்டினார், எலுமிச்சையும் மிளகாயும் இறங்கின. வாசலில் திருஷ்டிக் கயிறு விற்றவர் இரண்டு வாரம் எல்லாரையும் திட்டிவிட்டு, அதே எலுமிச்சையைப் பிழிந்து சர்பத் போட ஆரம்பித்தார். ஒருத்தியை ஒருத்தி பார்த்தாலே முகம் திருப்புகிற ஓரகத்திகள் தலையணை உறையோடு வந்து, "ஒரு வாட்டி நல்லா எரிஞ்சு பாருட்டி, நானும் ஒனக்குப் பாக்கேன்" என்று கண்ணைக் கடன் கொடுத்துக்கொண்டார்கள். பொறாமை பாவம் என்று பிரசங்கம் வைத்த மாதா கோயில் சாமியார்கூட, பூசை முடிந்ததும் பிள்ளைகள் மண்ணில் செய்த கிறிஸ்துமஸ் குடில் ஆடுகளை ஒரு துண்டில் மூடிக்கொண்டு என்னிடம் வந்து, "பாவம் ஒங்களுக்கு வேண்டாம் சந்தனமாரி, லேசாப் பாத்தாப் போதும்" என்றார். லேசாகத்தான் பார்த்தேன். ஓர் ஆடு தும்மியது.

ஏனென்றால் எத்தனை கண் இருந்தாலும் என் கண்ணுக்கு நிகர் இல்லை. மற்றவர்கள் பார்த்தால் நூல் லேசாகச் சிலிர்க்கும், நான் பார்த்தால் மூச்சு வரும். வரிசையில் வந்து நின்றார்கள். பேரம் பேசாமல் நான் தண்ணிகூடக் குடிக்கமாட்டேன், கண்ணை மட்டும் சும்மா விடுவேனா?

"காசு வேண்டாம்," என்றேன். "பார்வைக்குப் பார்வை. நான் ஒங்க சாமானைப் பாக்கேன், நீங்க என் மேசைக்கு வந்து என் சாமானைப் பாத்துப் பொறாமைப்படணும். மனசாரப் படணும். நடிச்சாத் தெரிஞ்சிரும்."

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். என் மேசையில் ஏதாவது ஒன்று, ஒரே ஒரு தடவை அசையவேண்டும்.

அவர்களும் நேர்மையானவர்கள்தான், பாடுபட்டார்கள். பரமசிவம் என் கோழிக்கு முன்னால் குனிந்து, மூச்சை அடக்கி, கண் பிதுங்க நின்றார். "வருதா அண்ணாச்சி?" என்று நசீமா கேட்டாள். "வாற மாதிரி இருக்கு... இல்லம்மா, அது வாயுக்கோளாறு" என்று நிமிர்ந்தார். நசீமா தன் பங்குக்கு நாயை உற்றுப் பார்த்தாள், "யக்கா, எனக்கு நாய்னா பயம், பொறாமை வரமாட்டேங்கு" என்றாள். ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து நின்று பார்த்து, கடைசியில் என்மேல் இரக்கப்பட்டுவிட்டார்கள். இரக்கத்தைப்போல ஒரு கேடுகெட்ட கண் உலகத்தில் இல்லை. என் நண்டின் ஒரு கொடுக்கு அன்றைக்குக் கழன்று விழுந்தது.

"போங்கட்டி, போங்க! இரக்கப்படுதியளாக்கும்! எனக்குக் குடுத்துவச்சது அவ்வளவுதானா?" என்று கத்தி, மேசையைத் தட்டி, வரிசையைக் கலைத்துவிட்டேன். கலைந்தவர்கள் டீ குடித்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றார்கள்.

பிலோமி மட்டும் வரிசைக்கு வரவில்லை. எதிர்மேசைக்காரி எதற்கு வரிசையில் நிற்கப்போகிறாள், நான் தலை நிமிர்ந்தாலே அவளுக்குப் பார்வை இனாம்தானே. அவளுடைய சாளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது, இறால் குடையை மடக்கியது, திருக்கை மப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றியது, எல்லாம் என் வயிற்றுச் செலவில். அவள் பெயர் மதுரை தாண்டிப் போனது. நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தேன். சர்பத்துக்காரரின் கண்ணாடி டம்ளரில் அவள் மேசை தெரிந்தது, டம்ளர் வழியாகவும் எரிந்தது.

மாதா கோயில் திருவிழா வந்தது. திருவிழா ஞாயிறு என்றால் ஊரே சந்தைக்குள் இருக்கும். பழைய கம்ப்ரசர் நின்ற மேடையில் அன்றைக்கு ஒரே ஒருவருடைய வேலையைத்தான் வைப்பது வழக்கம். அருள்ராயன் அண்ணாச்சி மேடையைப் பிலோமிக்குக் கொடுத்தார், யாரும் எதிர்க்கவில்லை. நான் எதிர்த்தேன், அதை எதிர்ப்பாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எரியட்டும், அன்றைக்குத் தேவைப்படும் என்று என் காதுபடவே பரமசிவம் சொன்னார்.

ஆலயமணி அடித்து முடிந்ததும் பிலோமி துணியை விலக்கினாள். ஒரு வள்ளம், முழுக்கக் கம்பளி நூல். வள்ளத்தில் நின்று வலை இழுத்தது மனுசர்கள் இல்லை, மீன்கள். சீலா ஒன்று தலைப்பாகை கட்டித் துடுப்புப் போட்டது. வலைக்குள் குவியல் குவியலாக மனுசர்கள், கட்டைவிரல் உயரத்தில், அத்தனை பேரும் எங்கள் ஊர் ஆட்கள். அருள்ராயன் அண்ணாச்சி சாவிக்கொத்தோடு மாட்டியிருந்தார். சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்திருந்தார். நசீமாவும் பரமசிவமும் காலும் தலையுமாகக் கிடந்தார்கள். எல்லாரும் பிடிபட்ட முகத்தோடு இருக்க, வலையின் ஓரத்தில் ஒருத்தி மட்டும் இடுப்பில் கை வைத்து, மூக்குத்தி மின்ன, சீலாமீனைப் பார்த்து விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். தன்னை என்ன விலைக்குப் போடப்போகிறாய் என்று அவள் மீனிடமே பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

சந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன், அடங்கவில்லை, புரையேறிச் சிரித்தேன். அந்த விரலும் அந்த இடுப்பும் நான்தான். நான் கண்ணாடியில்கூட அவ்வளவு சரியாக இருந்ததில்லை.

"பாருங்கக்கா," என்றாள் பிலோமி.

"பாத்துட்டேன்ட்டி."

"இன்னும் நல்லாப் பாருங்க."

"நல்லா இருக்குட்டி. ரொம்ப நல்லா இருக்கு."

வள்ளம் அசையவில்லை. ஒரு நூல்பிசிறுகூட ஆடவில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பிலோமியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன், அவளுக்கு அப்படி ஒரு முகம் இருப்பதே அதுவரை ஊருக்குத் தெரியாது.

"நல்லா இருக்குன்னு ஊரே சொல்லும். நீங்க எதுக்குச் சொல்லுதீய?" என்றாள். "ஒங்களுக்கு எரியணும்னுதானே ஒவ்வொரு கண்ணியாப் போட்டேன்! தப்பு விழுந்த எடத்தையெல்லாம் ஒங்க கண்ணை நெனச்சுத்தானே பிரிச்சேன்! இப்பப் போயி சிரிக்கீய? நான் என்ன கோமாளியா?"

"ஏட்டி, நெசமாவே நல்லா இருக்குன்னுதான்..."

"பேசாதீய!"

படாரென்று மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக என் மேசைக்குப் போனாள். அழுகையை மறைக்க வேறு இடம் இல்லாமல்தான் போனாள் என்று நினைக்கிறேன். நானும் பின்னாலேயே போனேன். மேசைமேல் இருந்த நண்டையும் கோழியையும் அவள் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே, விற்கத் தோன்றாமல், கால் நீட்டி வைத்துக்கொள்ள நான் போட்டிருந்த வேறொரு நாயைப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகளின் செருப்புகளில் செய்தது அது, வெயிலும் உப்பும் தின்று நிறம் வெளுத்தது. ஒரு காது நிமிர்ந்தும் மறு காது மடங்கியும் இருக்கும்.

குனிந்து அந்த மடங்கின காதைத் தொட்டாள்.

"இதை எப்பிடி வளைச்சீய?"

"நான் எங்க வளைச்சேன். அது அப்பிடித்தான் கரை ஒதுங்குச்சு. காது மாதிரி இருந்துச்சு, ஒட்டுனேன்."

"வெட்டவே இல்லையா?"

"அதுல வெட்ட என்ன இருக்கு?"

பிலோமி நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, வேறு ஏதோ இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியாதா? என் சொந்தச் சரக்காயிற்றே.

"நான் ஒரு காது மடக்க பத்துத் தடவை பிரிச்சுப் போடணும்," என்றாள். குரலில் சோறூட்டுகிற தன்மை போய்விட்டது. "ஒங்களுக்குக் கடலே மடக்கிக் கொண்டாந்து கையில குடுக்கு. நீங்க பாட்டுக்கு அது மேல காலைத் தூக்கிப் போட்டுட்டு ஒக்காந்திருக்கீய. எனக்கு ஒரு நாளு குடுத்திருக்குமா? ஒரு நாளு?"

நாய் காதை ஆட்டியது.

திருஷ்டியை விரட்டுகிற செருப்பு, லாரிக்குப் பின்னால் கட்டுகிற செருப்பு, பரமசிவம் மூச்சடக்கிப் பார்த்தும் மசியாத செருப்பு, அது காதை ஆட்டிவிட்டு எழுந்து நின்றது. மற்றவர்களுடைய பொருளெல்லாம் ஆவிவிடும், மீசை துடிக்கும், இருந்த இடத்தில் இருந்துகொண்டே ஏதாவது செய்யும். செருப்புக்கு என்ன தெரியும், நடக்கத்தானே தெரியும். நாய் நடந்தது. சப்புச்சப்பென்று ரப்பர் தரையில் அடிக்க, கூட்டம் தானாக வழிவிட, சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. செருப்பையா வீட்டில் வைப்பது என்று கேட்டவர்கள் அத்தனை பேரும் குனிந்து, உதட்டைக் குவித்து, "இங்க வா, இங்க வா" என்று கூப்பிட்டார்கள். ஒருத்தி தன் பிள்ளைக்கு வாங்கின மக்ரூனை நீட்டினாள்.

நான் என் மேசைப் பக்கத்தில் நின்றபடியே இரண்டு கையையும் விரித்தேன். வாழ்க்கையில் பேரம் பேசாமல் ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான். "வாடே," என்றேன். "எங்கிட்ட வா."

நாய் என்னை நோக்கித்தான் வந்தது. என் காலருகே நின்றது, என் விரலை மோந்தது, பசைவாசம் பழகின வாசம்தானே. பிறகு திரும்பி, சப்புச்சப்பென்று போய், பிலோமியின் பாவாடையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டது. அவள் தூக்கினாள். அது அவள் கழுத்துக்கடியில் தலையை வைத்து, மடங்கின காதை அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நாயைத் தூக்கிக்கொண்டே வந்து மேடையில், தன் வள்ளத்துக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். ஊரே அந்த இரண்டையும் பார்த்து, "ஐயோ, எவ்வளவு அழகு" என்றது.

கடற்கரை முழுக்கக் குனிந்து பொறுக்கினது நான். கழுவினது நான். முள் குத்தினது என் கையில். என் நாய் அவள் மடியில்.

அடிவயிற்றில் ஆரம்பித்து, நெஞ்சுக்கு ஏறி, தொண்டையைத் தாண்டிக் கண்ணுக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே, அதற்கு முன்னால் எரிந்ததெல்லாம் வெறும் கங்கு. அந்தக் கண்ணோடு அவளைப் பார்த்தேன். அவளை ஒட்டினாற்போல வள்ளம் இருந்தது.

வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. தலைப்பாகைச் சீலா துடுப்பை அழுத்தியது, உப்புக்காற்று வீசியது, மீன்கள் ஏலேலோ போட்டு வலையை இழுக்க, வலைக்குள் அருள்ராயன் அண்ணாச்சி சாவிக்கொத்தைக் குலுக்கினார், சாமியார் அங்கியை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டார். வலையோரத்தில் நின்ற மூக்குத்திக்காரி நீட்டின விரலை ஆட்டி ஆட்டிச் சீலாமீனைக் கிழிகிழியென்று கிழிக்க ஆரம்பித்தாள். சத்தம் சின்னதாக, கொசு பாடுகிற மாதிரி இருந்தாலும் என் சத்தம்தான்.

"விடாதட்டி!" என்று நான் இங்கிருந்து கத்தினேன். "மொதல் வெலைக்கு ஒத்துக்கிடாத!"

பிலோமி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சோறூட்டுகிற சிரிப்பு இல்லை, ஜெயித்தவள் சிரிப்பு. எனக்கு அது பிடித்திருந்தது. அதற்காகவும் எரிந்தது.

நாய் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. ஞாயிறுதோறும் அவளோடு வந்து எதிர்மேசைக்கடியில் படுத்துக்கொள்கிறது. அதைத் திருப்பிக் கொடுட்டி, வேணுமென்றால் அதற்குப் பதில் பத்து நாய் செய்து தருகிறேன் என்று கேட்டேன். மாட்டேன் என்றாள், கடற்கரையில் எந்த இடத்தில் பொறுக்குகிறீர்கள் என்று காட்டினால் யோசிக்கிறேன் என்றாள். அதைக் காட்டுவேனா? வள்ளத்தை எனக்குக் கொடு என்றேன். வள்ளம் விற்பனைக்கு இல்லை என்கிறாள், பேய்க்கணவாய் வாங்கின வாத்தியார் கேட்டும் தரவில்லையாம். இப்போது அவள் என் மேசையைப் பார்க்கிறாள், நான் அவள் மேசையைப் பார்க்கிறேன். என் நண்டுகள் சந்தை முழுக்க நடக்கின்றன, ஆட்கள் துரத்திப் பிடித்து வாங்குகிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சமரசம் பேச வந்த அருள்ராயன் அண்ணாச்சியைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டோம். அதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை.

மேடையில் மூக்குத்திக்காரியும் சீலாமீனும் இன்னும் ஒரு விலைக்கு வரவில்லை.